ஒரு ஷில்லிங்கும் நான்கு சீட்டும்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விஞ்ஞானமும் தொண்டும் என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இதைச் சுவரொட்டியில் கண்ட தோழர்கள் சிலர், “இதிலே அரசியல் எங்கே இருக்கிறது?” என்று தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். ஓர் ஊரிலே அறிவு யாருக்குக் கிடைக்கிறது, யாருடைய வாயிற்படியோடு அது நின்றுவிடுகிறது என்பதைக் காட்டிலும் பெரிய அரசியல் எதுவென்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்க விரும்புகிறேன்.

பள்ளியிலே பாடம் சொல்லித் தருகிறார்கள், தேர்வு வைக்கிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள். அதோடு விஞ்ஞானம் முடிந்துவிட்டதென்று எண்ணுகிறவர் பலர். பாடம் என்பது சோறு. ஆனால் சோறு ஒன்றையே தின்று எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. பாடநூலுக்கு அப்பால் கண்டறியவும், கையால் செய்து பார்க்கவும், “ஏன்?” என்று கேட்கவும் வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பு இன்று வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்திக் கிடைக்கிறது. கோடை முகாம் என்றும், தனிப் பயிற்சி என்றும், கண்காட்சிச் சுற்றுலா என்றும் கிடைக்கிறது. வயலுக்குப் போன தாய்க்குப் பதிலாக அடுப்பு மூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிற பெண்ணுக்கு யார் தருவது? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

கொல்லன் மகன்

இலண்டன் மாநகரிலே ஒரு கொல்லன். வறுமை வாட்டிய குடும்பம். அவன் மகனைப் பதினான்கு வயதிலே புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழக விட்டார்கள். ஆண்டு 1805. கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அந்தச் சிறுவன் கட்டியதோடு நிற்கவில்லை, படிக்கவும் செய்தான். மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று அவன் மனத்தைக் கவர்ந்தது. ஆயினும் படித்தது போதவில்லை.

அந்த நாளில் டேட்டம் என்னும் வெள்ளி வேலைக்காரர் ஒருவர் தம் இல்லத்திலேயே மாலை வேளைகளில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தி வந்தார். தொழில் செய்து பிழைக்கும் இளைஞர் கூடிக் கேட்பர், சோதனைகளைக் காண்பர், விவாதிப்பர். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். தொழில் பழகும் சிறுவனிடம் ஷில்லிங் ஏது? கொல்லுப் பட்டறையிலே உழைத்துக்கொண்டிருந்த அவனுடைய தமையன் தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

பின்னர் 1812-ஆம் ஆண்டிலே, கடைக்கு வந்து போகும் வாடிக்கையாளர் ஒருவர், இந்த இளைஞனின் ஆர்வத்தைக் கண்டு, ஹம்ப்ரி டேவி என்னும் பேரறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்க நான்கு நுழைவுச் சீட்டுகளை அளித்தார். இளைஞன் கேட்டான்; குறிப்பெடுத்தான்; அக்குறிப்புகளை அழகாகப் புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினான். மறு ஆண்டு அந்த நிலையத்திலேயே உதவியாளனாக அமர்ந்தான். மைக்கேல் பாரடே என்பது அவன் பெயர். 1831-இல் அவன் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையின் மீதுதான், இதோ இந்த மேடையில் எரியும் விளக்குக்கு மின்சாரம் தருகிற ஆக்கப் பொறிகள் சுழல்கின்றன.

தோழர்களே! அறிவு அவனுக்குச் சொந்தமானது. அதை நாம் தந்துவிட முடியாது. ஆனால் ஷில்லிங்கைத் தமையன் தந்தான். சீட்டை ஒரு வழிப்போக்கர் தந்தார். அவ்விரண்டும் கிடைக்காமற் போயிருந்தால் இலண்டனில் நல்லதொரு புத்தகக் கட்டுநர் மிஞ்சியிருப்பார். நம் ஊர்களில் இப்படி எத்தனை பாரடேக்கள் நல்ல புத்தகக் கட்டுநர்களாகவே முடிந்து போனார்களோ, யார் கணக்கெடுத்தார்கள்?

ஏணியில் ஏறியவன் ஏணியை எட்டி உதைக்கவில்லை. இளைஞர்களுக்கென்று அந்த நிலையம் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை, பிற்காலத்தில் பாரடே பல ஆண்டுகள் தாமே நிகழ்த்தினார். அறுபது வயதைக் கடந்த நிலையிலும் சிறுவர் சிறுமியர் முன் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, அது எரிவதிலிருந்து வேதியியல் முழுவதையும் விளக்கிக் காட்டினார். விலை மதிப்பற்ற கருவிகள் இருந்தால்தான் விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்போர்க்கு அந்த மெழுகுவத்தியே பதில்.

வெள்ளத்திலே இறங்கிய விஞ்ஞானி

இனித் தொண்டைப் பற்றிக் கூறுகிறேன். விஞ்ஞானம் பயில்கிறவன் ஆய்வுக்கூடத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும், ஊர்ப் பணி அவனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேகநாத சாகாவின் வரலாற்றை அவர்கள் படிக்க வேண்டும்.

டாக்காவை அடுத்த சிற்றூரிலே, சிறு கடை வைத்துப் பிழைத்த ஒருவரின் மகனாக 1893-இல் பிறந்தவர் சாகா. பள்ளிப் படிப்புக்காகப் பிறர் இல்லத்தில் தங்க வேண்டியிருந்தது. கல்லூரி விடுதியிலே, சாதியின் பெயரால், உடன் உண்ண மறுத்தவர்களையும் கண்டார். அந்த மனிதர், மாணவராக இருந்தபோது 1913-இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்து ஊர்களை அழித்த வேளையில், நிவாரணத் தொண்டராகச் சென்றார். 1922-இல் வடக்கு வங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அன்று உலகறிந்த விஞ்ஞானியாக விளங்கிய சாகா அவருக்குத் துணை நின்றார்.

அரிசி மூட்டையைச் சுமந்ததோடு சாகாவின் உள்ளம் ஓயவில்லை. இந்த ஆறு ஏன் பெருகுகிறது, எங்கே தடுக்கலாம், எவ்வளவு நீர் வருகிறது என்று ஆராயத் தொடங்கினார், எழுதினார், வாதாடினார். 1943-இல் தாமோதர் மீண்டும் சீறியபோது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானதற்கு அவரது உழைப்பும் ஒரு காரணம். துயரத்தைக் கண்ணால் கண்டதனால் கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வி பின்னர் ஒரு திட்டமாக வளர்ந்தது.

அறிவில்லாத தொண்டு என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தருமபுரிப் பகுதியில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களில் கறை படிவதும் எலும்புகள் பாதிக்கப்படுவதும் அதனால்தான். அங்கே நல்லெண்ணம் படைத்த தொண்டர் ஒருவர் சென்று, “தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், தீங்கு வராது” என்று வீடு வீடாகச் சொன்னால் என்ன பயன்? கிருமி சாகும், புளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். நெஞ்சிலே அன்பு இருந்தால் மட்டும் போதாது, கையிலே அளவுகோலும் இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

நமது தெருவில் ஒரு சோதனை

“உலகக் கதையெல்லாம் கூறிவிட்டீர், எங்கள் ஊரில் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன்.

மழைக்காலம் வந்தால் டெங்குக் காய்ச்சல் வருகிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தெளிந்த நீரைத்தான் தேடுகிறது. மூடாத தொட்டி, பழைய டயர், கொட்டாங்கச்சி, பூந்தொட்டியின் அடித்தட்டு, கழற்றிப் போட்ட ஆட்டுக்கல் இவைதாம் அதன் தொட்டில்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டிவிட்டால் பிறப்புச் சங்கிலி அறுந்து போகிறது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர் தாங்கி நிற்கக் கூடியவை. ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு மாணவர் பத்துப் பேரை, ஐந்து இணைகளாகப் பிரியுங்கள். ஒரு ஞாயிறு காலை, ஒரு குறிப்பேட்டோடும் கைவிளக்கோடும் நூறு வீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை வீட்டில் கொசுப் புழு இருந்தது, எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்று எழுதட்டும். நூறு வீட்டில் முப்பது வீட்டில் புழு என்று வைத்துக்கொள்வோம். பொதுச் சுகாதாரத் துறையினர் வீட்டுக் குறியீடு என்று கூறும் கணக்கு இதுதான். முப்பது என்பது அதன் அளவு. அன்றே வீட்டாரிடம் விளக்கி, அவர்கள் கையாலேயே கழுவச் செய்யட்டும். அடுத்த ஞாயிறு அதே நூறு வீடு; அதே கணக்கு. முப்பது என்பது பன்னிரண்டு ஆயிற்றா, இருபத்தெட்டிலேயே நின்றுவிட்டதா?

தோழர்களே, இங்கேதான் விஞ்ஞானம் இருக்கிறது! பன்னிரண்டு ஆயிற்றென்றால் மகிழ்ச்சி. இருபத்தெட்டு என்றால், நம் பேச்சு எடுபடவில்லை என்று பொருள். ஏன் எடுபடவில்லை? தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் வருகிறது. கொட்டிவிட்டால் குடிக்க என்ன செய்வது என்று அந்தத் தாய் அஞ்சுகிறாள். அவள் அறியாமையால் கொட்டாதிருக்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தால் கொட்டாதிருக்கிறாள். அப்படியானால் தேவை அறிவுரை அல்ல, தொட்டிக்கு ஒரு மூடி. ஊராட்சிக்கு ஒரு மனு. கணக்கெடுத்த மாணவனே அந்த மனுவை எழுதட்டும், தன் அட்டவணையோடு! வெறும் கோரிக்கையை ஒதுக்கித் தள்ளும் அதிகாரியால், நூறு வீட்டுக் கணக்கை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு ஆன செலவு எவ்வளவு? ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில்.

நடந்து காட்டியவர்கள்

மாணவரால் இதெல்லாம் ஆகுமா என்று ஐயுறுவோர்க்குச் சான்றுகள் உண்டு.

சென்னைக் கடற்கரையிலே 1988-ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் கூடிக் கடல் ஆமைகளைக் காக்கும் பணியைச் செய்து வருகிறார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேலும் இட்டுச் செல்கின்றன. தொண்டர்கள் நள்ளிரவில் மைல் கணக்கில் நடந்து, தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான வேலிக்குள் புதைக்கிறார்கள். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றைக் கடலில் விடுகிறார்கள். அந்த நடையில் மாணவன் கற்பது எவ்வளவு! மணலின் வெப்பம் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. வெப்பம் கூடினால் பெண் மிகுகிறது. குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையது. ஆகவே சாலை விளக்கு அதைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துச் சாகடிக்கிறது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அந்தத் துயரக் கணக்கை நாடு அறிந்ததற்குக் கரையிலே நடந்த தொண்டர்களின் கால்களும் காரணம்.

கேரளத்திலே 1962-இல் தோன்றிய சாத்திர சாகித்திய பரிசத்தும், தமிழகத்திலே 1980-இல் தோன்றிய அறிவியல் இயக்கமும் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் தெருவுக்குக் கொண்டுவந்தன. எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது என்றால், சம்பளம் பெறாமல் கற்பித்த ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பு அது. அதைத் தொடர்ந்து புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி மூண்டபோது, கல் உடைக்கும் பெண்கள் கையெழுத்துக் கற்றார்கள்; மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இளைஞரும் மாணவரும்.

சீட்டு இருக்கிறது, வாயில் தெரியவில்லை

வாய்ப்புகளே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1993 முதல் நாடு தழுவி நடந்துவந்த குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து முதல் பதினேழு வயதுடையோர் தம் ஊர்ச் சிக்கலை எடுத்துக் குழுவாக ஆராய்வதற்கென்றே ஏற்பட்டது. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2019-இல் தொடங்கிய யுவிகா என்னும் திட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இரு வாரப் பயிற்சி. நாட்டுப்புறப் பள்ளி மாணவர்க்குத் தேர்வில் முன்னுரிமையும் உண்டு. இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், மாணவர் கூறும் புதுக் கருத்து தேர்ந்தெடுக்கப்பட்டால் பத்தாயிரம் ரூபாய் அளிக்கப்படுகிறது.

ஆனால் என்ன நடக்கிறது? விண்ணப்பம் கணினி வழியாகப் போக வேண்டும். கடைசி நாள் எதுவென்று நகரத்துத் தந்தைக்குத் தெரிகிறது. நம் ஊர்த் தந்தைக்குத் தெரிவதில்லை. மானக் திட்டத்திற்குப் பள்ளியே பெயர்களை அனுப்ப வேண்டும். ஒரே ஆசிரியர் மூன்று ஆசிரியர் வேலையைச் செய்யும் பள்ளியில் அதற்கு நேரம் ஏது? சீட்டு அச்சாகிவிட்டது, தோழர்களே. கொண்டுவந்து கொடுக்கும் அந்த வாடிக்கையாளரைத்தான் காணோம்.

அந்த ஆள் இந்தப் படிப்பகம் ஆகட்டும் என்கிறேன்! நாளேடு வந்து விழுகிறது; தலையங்கத்தைப் படிக்கிறோம்; விவாதிக்கிறோம்; நல்லது. அதே பலகையில் ஒரு மூலையை ஒதுக்கி, எந்தத் திட்டத்திற்கு எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். கணினி அறிந்த தோழர் ஒருவர் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கட்டும். ஆசிரியரைக் குறை கூறப் போகாதீர்கள். அவர் சுமையில் ஒரு கை பிடிக்கப் போங்கள்.

மாதம் ஒரு மாலை, வெள்ளி வேலைக்காரர் டேட்டத்தைப் போல, நம் ஊர்த் தொழிலாளர்களையே அழையுங்கள். மோட்டார் சுருள் சுற்றுகிறவர் காந்தத்தைக் காட்டட்டும். சாயப் பட்டறைத் தோழர், நிறம் துணியில் ஏன் ஒட்டுகிறதென்று காட்டட்டும். செவிலியர் ஒருவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், வயிற்றுப்போக்கில் எப்படி உயிர் காக்கிறதென்று விளக்கட்டும். விஞ்ஞானம் பட்டதாரியின் தனிச்சொத்தல்ல என்பதை மாணவன் அங்கே கற்பான்.

ஒரு கண்டிப்பு

கண்டிப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொண்டு என்ற பெயரால் மாணவனைத் தோரணம் கட்டவும், நாற்காலி அடுக்கவும், கூட்டத்துக்குத் தலை எண்ணிக்கையாகவும் அழைப்பது தொண்டாகாது. அது கூலியில்லா வேலை. அவன் எதையேனும் கற்றானா, யாருக்கேனும் பயன்பட்டானா என்ற இரண்டு கேள்விக்கும் விடை இருந்தால்தான் அதற்குத் தொண்டென்று பெயர். பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் அழைக்கக் கூடாது. இருட்டுமுன் வீடு சேர்ப்பது நம் பொறுப்பு; இரவுப் பணியென்றால் பெரியவர் துணையோடுதான். பெண் பிள்ளைகள் வரவில்லையென்றால், “அவர்களுக்கு ஆர்வமில்லை” என்று எழுதிவிடாதீர்கள். நேரத்தை மாற்றுங்கள், பெண் தொண்டர் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துங்கள், பிறகு பாருங்கள். தேர்வுக் காலத்தில் ஓய்வு கொடுங்கள். கட்சிச் சீட்டு கேட்காதீர்கள். மாற்றுக் கட்சித் தோழரின் மகளும் அந்தப் பெஞ்சில் உரிமையோடு உட்கார வேண்டும். கொசு கட்சி பார்த்துக் கடிப்பதில்லை.

“மதிப்பெண் குறைந்துவிடுமே” என்று பெற்றோர் அஞ்சுவர். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். மதிப்பெண் ஒன்றுதான் ஏழைக்குத் தெரிந்த ஏணி. வாரத்தில் இரண்டு மணி நேரமே கேட்கிறோம் என்று சொல்லுங்கள். நூறு வீட்டின் கணக்கை அட்டவணையாக்கிய பிள்ளை, விழுக்காட்டுக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

விஞ்ஞான மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் ஊக்கத்தையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்று, 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டமே கூறுகிறது. மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துத்தான் கூறுகிறது. சட்டத்தில் எழுதிய கடமையைத் தெருவில் செய்து காட்டுவது யார் வேலை?

2019 டிசம்பர் 26 அன்று கோவை முதல் புதுக்கோட்டை வரை வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கதவை அடைத்து உள்ளே இருந்தவர்களும் உண்டு. அட்டையிலே ஊசித் துளையிட்டு, கண்ணுக்கு ஊறு வராமல், தரையிலே விழுந்த ஒளி வளையத்தைக் கண்டு கூவிய பிள்ளைகளும் உண்டு. 2031 மே 21 அன்று தென்னிந்தியாவில் மீண்டும் வளையக் கிரகணம் வருகிறது. இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் குழந்தைகள் பலர் அன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அன்று இந்த ஊரில் எத்தனை கதவுகள் திறந்திருக்கும் என்பதை, இன்றிலிருந்து நாம் செய்யும் வேலை முடிவு செய்யும்.

வருகிற ஞாயிறு காலை, பத்து மாணவர், ஒரு குறிப்பேடு, நூறு வீடு. அதற்கு அடுத்த ஞாயிறு அதே நூறு வீடு. இரண்டு எண்களையும் இந்தப் படிப்பகப் பலகையில் எழுதி வையுங்கள். ஷில்லிங் கொடுக்கும் தமையனாக யார் யார் வருகிறீர்கள் என்பதைக் கூட்டம் கலையுமுன் பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.